கொலம்போவின் ‘மர்டர் பை தி புக்’: பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சேலத்தில் மொட்டை மாடியிலும், ஏற்காட்டில் தோட்டத்து வீட்டு ஹாலிலும் பத்துப் பதினைந்து பேர் கூடிப் பழைய போலீஸ் தொடர்கள் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. அப்படிப் பார்க்கும்போது அதிகம் சண்டை நடக்கும் அத்தியாயம் இது: கொலம்போ என்ற போலீஸ் துப்பறிவாளர் கொலையாளிகளைப் பிடிக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ‘கொலம்போ’வில் வரும் ‘மர்டர் பை தி புக்’. கதை, முடிவு, யார் எப்படி மாட்டினார்கள் என்பது வரை எல்லாமே இங்கே உடைத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் சப்டைட்டில், திரை, மின்சாரம் பற்றிய கேள்விகளை மட்டும் இப்போது படித்துவிட்டு, மற்றதைப் பார்த்த பிறகு படிக்கவும்.

கதை என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கென் ஃபிராங்க்ளின், ஜிம் ஃபெர்ரிஸ் இருவரும் கூட்டாகத் துப்பறியும் நாவல் எழுதிப் பெரும் புகழ் பெற்றவர்கள். அவர்களுடைய கதாநாயகி மிசஸ் மெல்வில் என்ற துப்பறியும் அம்மாள். உண்மையில் எழுதுவதெல்லாம் ஜிம். கென் பேட்டி கொடுப்பான், விருந்துக்குப் போவான், செலவு செய்வான். ஜிம் இனித் தனியாக எழுதப் போவதாகச் சொல்லிவிடுகிறான். கென்னுக்கு வருமானம் போகும். ஆனால் ஜிம் பேரில் கூட்டாளி இன்சூரன்ஸ் இருக்கிறது.

ஒருநாள் ஜிம் லாஸ் ஏஞ்சல்ஸ் அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது கென் வருகிறான், சமாதானம் பேசுகிறான், சான் டியேகோ பக்கம் ஏரிக்கரையில் உள்ள தன் கேபினுக்கு வரும்படி அழைக்கிறான். கிளம்பும்போது லைட்டரை மறந்துவிட்டதாகச் சொல்லி மேலே ஏறிப்போய் அலுவலகத்தைக் கலைத்துப் போட்டுவிட்டு வருகிறான். கேபினில் ஜிம்மை அவன் மனைவி ஜோனாவுக்குப் போன் செய்ய வைக்கிறான்: ‘ஆபீசில் வேலை இருக்கிறது, வர லேட்டாகும்’. ஜிம் பேசிக்கொண்டிருக்கும்போதே சுடுகிறான். ஜோனாவைப் பொறுத்தவரை புருஷன் ஆபீசில் சுடப்பட்டான். கென் இருப்பதோ வெகுதூரத்தில். பிறகு உடலைத் தன் வீட்டுப் புல்தரையிலேயே போடுகிறான், ஏதோ கொலைக்கும்பல் மிரட்டல் விடுத்தது போலத் தெரியட்டும் என்று.

வழியில் கென் கடையொன்றில் வண்டியை நிறுத்தியபோது, காரில் ஜிம் உட்கார்ந்திருந்ததைக் கடைக்காரி லில்லி லா சங்கா பார்த்துவிடுகிறாள். அவள் பணம் கேட்கிறாள். அவளையும் கென் கொல்கிறான்.

ஜாக் காசிடி கென்னாகவும், மார்ட்டின் மில்னர் ஜிம்மாகவும், ரோஸ்மேரி ஃபோர்சைத் ஜோனாவாகவும், பார்பரா கோல்பி லில்லியாகவும் நடித்தார்கள். கொலம்போ பீட்டர் ஃபால்க். எழுதியவர் ஸ்டீவன் போச்கோ. 1971 செப்டம்பர் 15 அன்று என்.பி.சி.யில் ஒளிபரப்பானது. அதற்கு முன் 1968லும் 1971 மார்ச்சிலும் முழுநீளப் படமாக இரண்டு முறை கொலம்போ வந்திருந்தாலும், வாடிக்கையான தொடராக முதலில் ஒளிபரப்பானது இதுதான்.

கொலையாளி யார் என்று முதலிலேயே காட்டிவிட்டால் அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது?

புதிதாகப் பார்க்க வருபவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. நம் ஊரில் துப்பறியும் படம் என்றால் கடைசி வரை முகமூடி கழலக் கூடாது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ போன்ற படங்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஏற்காடு சாலையில் அந்த ஸ்டூடியோவின் நுழைவாயில் வளைவு இன்னும் நிற்கிறது.

ஆனால் இன்னொரு பழக்கமும் நமக்கு உண்டு. படுகளத்தில் துரியோதனன் சாவான் என்று தெரிந்துதான் விடிய விடிய பாரதக் கூத்துப் பார்க்கிறோம். அவன் எந்த இடத்தில் தளர்கிறான், எந்தச் சொல்லில் அகந்தை வெளிப்படுகிறது என்பதற்காகத்தான் கண் விழிக்கிறோம். கொலம்போ கதையும் அந்த ஜாதி. இந்த வடிவத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் சிறுகதையில் செய்து பார்த்துவிட்டார். தொடரை உருவாக்கிய ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்க்கும் தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் வரும் விசாரணை அதிகாரி போர்ஃபிரியைத் தங்கள் முன்மாதிரியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் இதைப் பார்க்கும்போது கையில் வைத்திருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘இவன் செய்த எந்தக் காரியம் இவனைக் காட்டிக்கொடுக்கும்?’ அந்தக் கேள்வியோடு உட்கார்ந்தால் முதல் காட்சியிலிருந்தே கண் சும்மா இருக்காது.

ஆரம்பக் காட்சியை எல்லோரும் இப்படிப் புகழ்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

சத்தத்தைக் கேளுங்கள். பின்னணி இசை இல்லை. டைப்ரைட்டர் விசைகள் விழும் டக் டக் சத்தம் மட்டும். அறையில் ஜிம் தனியாக டைப் அடிக்கிறான். வெளியே சாலையில் கென்னின் கார் வந்துகொண்டிருக்கிறது. காரைக் காட்டும்போது காரின் சத்தம் கேட்பதில்லை, அங்கேயும் டைப்ரைட்டர் சத்தம்தான் ஓடுகிறது. பேச்சே இல்லாமல் இரண்டு விஷயம் நமக்குள் இறங்கிவிடுகிறது. ஒன்று, எழுதுகிறவன் யார், ஊர் சுற்றுகிறவன் யார். இன்னொன்று, வந்துகொண்டிருப்பவனுடைய கதையையும் எழுதுவது உள்ளே இருப்பவன்தான். கொலைக்கான யோசனையே ஜிம்மின் காகிதத்தில் கிடைக்கப்போகிறது என்பதைக் கடைசியில் தெரிந்துகொண்டு மறுபடி இந்தக் காட்சியைப் பார்த்தால் அந்த டக் டக் வேறு மாதிரிக் கேட்கும்.

கொலை நடக்கும் இடத்தையும் இதே கவனத்தோடு பாருங்கள். நமக்குத் தரப்படுவது வெடிச்சத்தமும், ரிசீவரைப் பிடித்திருக்கும் ஜோனாவின் அலறலும். ரத்தம் காட்டாமலே நெஞ்சு பதறுகிறது. கதையின் தந்திரமே ‘காதால் கேட்டதை நம்பி ஏமாறுவது’ என்பதால், காதை வைத்தே காட்சியை அமைத்தது மிகச் சரியான முடிவு. எங்கள் கணிப்பில் இந்தத் தொடரின் மிகச் சிறந்த தொடக்கம் இதுதான்.

இயக்கியவர் அந்த ஸ்பீல்பெர்க் தானா?

அவரேதான். அப்போது வயது 24. அதே 1971 நவம்பரில்தான் லாரி துரத்தும் ‘டூயல்’ வந்தது. ஒளிப்பதிவு ரஸ்ஸல் மெட்டி, பழம் தின்று கொட்டை போட்டவர். ஸ்பீல்பெர்க் பெயருக்காக மட்டும் பாராட்டுகிறார்கள் என்று சிலர் சொல்வதை ஏற்க முடியவில்லை. பெயரை மறைத்துவிட்டுப் போட்டாலும் முதல் கால் மணி நேரத்தில் யாரும் எழுந்து போவதில்லை. எழுதிய போச்கோவும் சாதாரண ஆள் இல்லை. பின்னாளில் ‘ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ மூலம் போலீஸ் தொடர்களின் போக்கையே மாற்றியவர். டிவி கைட் இதழ் 1997ல் வெளியிட்ட 100 சிறந்த தொலைக்காட்சி அத்தியாயங்கள் பட்டியலில் இதற்கு 16ஆம் இடம்.

கொலம்போவுக்குக் கென் மேல் எப்போது சந்தேகம் வருகிறது?

கிட்டத்தட்ட பார்த்த உடனேயே. கவனிக்க வேண்டியவை இவை.

தகவல் தெரிந்ததும் கென் சான் டியேகோ பக்கமிருந்து காரிலேயே திரும்பி வருகிறான். ஏறக்குறைய 190 கிலோமீட்டர். உயிர் நண்பனுக்கு ஆபத்து என்றால் விமானம் பிடிக்கத் தோன்றாதா என்பது கொலம்போவின் நெருடல். பார்வையாளருக்கு மட்டும் காரணம் தெரியும்: டிக்கியில் பிணம் இருக்கும்போது விமானத்தில் எப்படி வருவது?

அடுத்து, தபால். வீட்டு வாசலில் நண்பனின் உடல் கிடக்கிறது, போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது, அவர்கள் வருவதற்குள் கென் தனக்கு வந்த தபால்களைப் பிரித்துப் பார்க்கிறான். மனதைத் திசைதிருப்ப என்று சமாளிக்கிறான். கொலம்போ தலையாட்டுகிறார், ஆனால் விடவில்லை. எங்களைக் கேட்டால் அத்தியாயத்தின் மிக நுட்பமான தடயம் இதுதான். நீதிமன்றத்தில் இதற்குப் பைசா மதிப்பில்லை. ஆனால் எழவு வீட்டில் யார் எப்படி நடந்துகொள்வார்கள் என்று பார்த்துப் பழகிய எவருக்கும் இது உறுத்தும்.

பிறகு ஜிம்மின் மேஜையில் கொலைக்கும்பல் பெயர்ப் பட்டியல் கிடைப்பது. ஜிம் அப்படிப்பட்ட விவகாரத்தில் இறங்கியது மனைவிக்கே தெரியாது. மூன்றுமே சின்ன விஷயங்கள். மூன்றும் ஒரே ஆளைச் சுற்றியே இருக்கின்றன.

கொலம்போ ஜோனா வீட்டில் ஆம்லெட் போடுகிறாரே, அது எதற்கு? நேரம் கடத்தவா?

அந்தக் காட்சியைத் தாண்டிவிட்டுப் பார்க்காதீர்கள். கொலம்போ அறிமுகமாவதே கால் மணி நேரத்துக்குப் பிறகு, அலுவலகத் தாழ்வாரத்தில் உடைந்துபோய் நிற்கும் ஜோனாவின் முன்னால். போலீஸ் கும்பலிலிருந்து அவரை விலக்கி வீட்டுக்கு அழைத்துப்போய், சமையலறையில் முட்டை உடைக்கிறார். அந்தப் பெண்மணி பேச ஆரம்பிப்பது அங்கேதான். அத்துடன், ஜிம் யோசனை தோன்றினால் கையில் கிடைக்கும் துண்டுக் காகிதத்திலும் தீப்பெட்டி அட்டையிலும் குறித்து வைப்பவன் என்பது ஜோனா வழியாகத்தான் கொலம்போவுக்குக் கிடைக்கிறது. கடைசியில் கென் மாட்டுவது அப்படியொரு துண்டுக் காகிதத்தால். துக்கத்தில் இருப்பவரை மதித்துப் பேசியதன் பலன் அது.

ரோஸ்மேரி ஃபோர்சைத்துக்கு நடிக்க இடம் போதவில்லை என்ற குறை சரியானதே. பிற்பாதியில் ஜோனா கிட்டத்தட்ட மறைந்தே போகிறார்.

போன் பில்லைப் பார்த்திருந்தாலே கென் மாட்டியிருப்பானே?

இது பார்வையாளர்கள் வைக்கும் வாதங்களிலேயே வலுவானது. விரிவாகவே பார்க்கலாம்.

அமெரிக்காவில் அந்தக் காலத்திலேயே நேரடியாகச் சுழற்றிப் பேசும் நெடுந்தொலைவு அழைப்புகள் எந்த எண்ணுக்கு, எத்தனை நிமிடம் என்று கணக்கோடு பில்லில் வரும். உள்ளூர் அழைப்பு அப்படி வராது. கேபினிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நெடுந்தொலைவு. ஆக, கென்னின் கேபின் பில்லில் ஜோனா வீட்டு எண் விழுந்திருக்க வேண்டும்.

‘அது நான் பேசியது’ என்று கென் சொல்லித் தப்ப முடியுமா? முடியாது. அவன் ஜோனாவிடம் பேசியது வழியில் லில்லியின் கடையிலிருந்து. கேபினிலிருந்து அவன் பேசவில்லை என்பதை ஜோனாவே சொல்வார். அதைவிட முக்கியம் நேரம். துப்பாக்கிச் சத்தத்தை ஜோனா கேட்ட அதே நிமிடத்தில் கேபினிலிருந்து அந்த வீட்டுக்கு ஓர் அழைப்பு ஓடிக்கொண்டிருந்ததாகப் பதிவு காட்டும். ஒரே லைனில் ஒரே நேரத்தில் இரண்டு அழைப்பு பேச முடியாது. ஆகவே ஜிம் பேசியது கேபினிலிருந்துதான் என்பது அங்கேயே உறுதி.

இறுதிக் காட்சியில் கொலம்போ கையில் வைத்திருக்கும் எதைக்காட்டிலும் இது பலமான சான்று. இதைச் சொல்லும் பார்வையாளர்கள் பக்கம்தான் நாங்களும். கதைக்கு அது அழகில்லை என்பதால் எழுத்தாளர் பில்லை ஒதுக்கிவிட்டு காகிதத்தைப் பிடித்திருக்கிறார் என்பதே எங்கள் ஊகம்.

இதே திட்டத்தைச் சேலம், ஏற்காட்டில் போட்டிருந்தால்?

அடிக்கடி விளையாட்டாகக் கேட்கப்படும் கேள்வி, ஆனால் திட்டம் எதன் மேல் நிற்கிறது என்று புரிந்துகொள்ள நல்ல வழி. ஏரி இருக்கிறது, ஏரிக்கரை வீடு இருக்கிறது. சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு மணி நேரம்.

ட்ரங்க் கால் காலமாக இருந்தால் திட்டம் ரிசீவரை எடுக்கும்போதே செத்துவிடும். எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டரிடம் எண் சொல்லிப் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு என்று சீட்டு எழுதப்படும். அந்தப் பக்கம் எடுப்பவர் காதில் முதலில் விழுவதே ஆபரேட்டர் குரல். ‘ஆபீசிலிருந்து பேசறேன்’ என்று எப்படிச் சொல்வது?

எஸ்.டி.டி. வந்த பிறகு கென்னுக்கு அமெரிக்காவைவிட இங்கே வசதி. இந்தியாவில் முதல் எஸ்.டி.டி. 1960ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே வந்தது. பிறகு மெல்ல மற்ற ஊர்களுக்குப் பரவியது. அதில் பல ஆண்டுகளுக்கு பில்லில் எண் வராது. தொலைவுக்குத் தக்கபடி மீட்டர் வேகமாக ஓடும், பில்லில் மொத்த யூனிட் மட்டும் இருக்கும். வீட்டு லேண்ட்லைனில் பேசியிருந்தால் எண்ணைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். எஸ்.டி.டி. பூத்தில் பேசியிருந்தால் எண்ணோடு அச்சாகி வரும் சீட்டும், கண்ணாடிக் கதவுக்கு வெளியே காத்திருக்கும் நாலு பேரும் சாட்சி.

இன்று வாய்ப்பே இல்லை. இரண்டு கைபேசிகளும் எந்தக் கோபுரத்தில் பதிவாகியிருந்தன என்பதை அழைப்பு விவரப் பதிவு சொல்லிவிடும்.

எந்தக் காலமானாலும் மாறாத ஒன்று லில்லி. மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி ஒரு டீ குடித்தால் போதும், கடைக்காரருக்குப் பக்கத்து சீட்டில் யார் இருந்தார்கள் என்பது நினைவிருக்கும்.

லில்லி வரும் பகுதி இழுவை என்கிறார்களே?

இழுவை என்று சொல்பவர்கள் கொலம்போ வேண்டும் என்று காத்திருப்பவர்கள். அவர்கள் அவசரம் புரிகிறது. ஆனால் லில்லி இல்லாவிட்டால் முடிவே இல்லை. கொலம்போவின் தர்க்கம் இரண்டு கொலைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில்தான் இருக்கிறது. முதல் கொலை கச்சிதம். இரண்டாவது அவசரத்தில் செய்த அரைகுறை வேலை: ஷாம்பெயின் கார்க்கு கிடக்கிறது, கென் கையெழுத்திட்டு அவளுக்குக் கொடுத்த புத்தகம் இருக்கிறது, வங்கியில் எடுத்த பணம் திரும்பவும் கட்டப்பட்டிருக்கிறது. ஒரே மூளை இரண்டையும் யோசித்திருக்க முடியாது என்று கொலம்போ பிடிப்பது அங்கேதான்.

பார்பரா கோல்பியின் நடிப்பைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. அவர் மிரட்டும் காட்சியில் சிரிப்பு வருகிறது என்பது ஒன்று. பாவமாக இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டாவது கட்சியே எங்களுடையது. பணத்தைவிடக் கென்னின் கவனம் தன் மேல் விழுவதில்தான் அவளுக்கு ஆசை. மெழுகுவர்த்தி வைத்து அவனுக்கு விருந்து தயார் செய்கிறாள். தன்னைக் கொல்ல வந்தவனுக்காக அலங்கரித்துக்கொண்ட பெண்ணைப் பார்த்துச் சிரிக்க மனம் வரவில்லை. கோல்பி நிஜ வாழ்க்கையிலும் 1975ல் லாஸ் ஏஞ்சல்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கில் யாரும் பிடிபடவில்லை.

முடிவு பலவீனமா, பலமா?

சண்டை மூளும் இடம் இது. நடப்பது இதுதான்: கென் அலுவலகத்தைக் காலி செய்துகொண்டிருக்கிறான். கொலம்போ வந்து, முதல் கொலைக்கான யோசனை உன்னுடையது இல்லை, ஜிம்முடையது என்கிறார். ஜிம்மின் கோப்புகளில் கிடைத்த துண்டுக் காகிதத்தைப் படிக்கிறார். ஒருவன் இன்னொருவனைத் தொலைவான வீட்டுக்கு அழைத்துப்போய், மனைவிக்குப் போன் செய்யச் சொல்லிச் சுடுவது என்று கதைக்கான குறிப்பு. கென் கொஞ்சம் சிரிக்கிறான். பிறகு, அந்த யோசனை உண்மையில் தன்னுடையது, தனக்கு வாழ்க்கையில் தோன்றிய ஒரே நல்ல யோசனை, ஐந்து வருஷத்துக்கு முன் ஜிம்மிடம் சொன்னது, அந்த முட்டாள் அதை எழுதி வைப்பான் என்று யார் கண்டார்கள் என்கிறான்.

சான்று என்று பார்த்தால் பலவீனம்தான். கதை எழுதுபவன் மேஜையில் கொலைக்குறிப்பு இருப்பதில் என்ன அதிசயம்? கென் வாயை மூடிக்கொண்டு வக்கீலைக் கூப்பிட்டிருந்தால் கொலம்போ பாடு திண்டாட்டம். அதனால் பத்துக்கு நாலு மதிப்பெண் போடுபவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் மனிதன் என்று பார்த்தால் வேறு முடிவு இந்தக் கதைக்குப் பொருந்தாது. ஆண்டுக்கணக்கில் அடுத்தவன் எழுத்துக்குத் தன் பெயரைப் போட்டுக்கொண்டவன். உன்னுடைய கொலையும் அடுத்தவன் யோசனை என்று சொன்னதும், அந்த ஒன்றையாவது தன்னுடையது என்று நிலைநாட்டாமல் அவனால் இருக்க முடியவில்லை. உயிரைவிடப் பெயர் பெரிதாகிவிட்டது. ஜாக் காசிடி அந்தக் கடைசி வரிகளைக் கோபமில்லாமல், கிட்டத்தட்டப் பெருமையோடு சொல்கிறார். அந்தத் தொனியைக் கேட்க வேண்டும். சப்டைட்டிலில் அது கிடைக்காது.

நம் கோர்ட்டில் இந்த வழக்கு நிற்குமா?

கென் சொன்னதை வைத்து நிற்காது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23ஆம் பிரிவு அதையே சொல்கிறது. போலீஸ் காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிய பகுதி மட்டும் ஏற்கப்படும். முழு ஒப்புதல் எடுபட வேண்டுமானால் மாஜிஸ்திரேட் முன் தானாக முன்வந்து கொடுக்க வேண்டும்.

எனவே நம் ஊர் இன்ஸ்பெக்டர் ஒருவர் இந்த வழக்கை எடுத்தால் பாதை வேறு. தொலைபேசிப் பதிவு, வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ் பாலிசி, காரின் டிக்கியில் ரத்தக்கறை, லில்லி வீட்டில் கைரேகை என்று சந்தர்ப்ப சாட்சியங்களைச் சங்கிலியாகக் கோர்க்க வேண்டும். கண்ணி ஒன்று விட்டாலும் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும். இதில் எதையும் கொலம்போ திரையில் பொறுமையாகச் செய்வதில்லை என்பது உண்மை. 75 நிமிடத்தில் முடிய வேண்டிய நாடகம் அது.

ஜிம்மாக வருபவரை வேறு எங்கோ போலீஸ் உடையில் பார்த்த நினைவு. சரிதானா?

சரிதான். மார்ட்டின் மில்னர் அதே ஆண்டுகளில் ‘ஆடம்-12’ தொடரில் ரோந்துக் காவலர் பீட் மல்லாயாக நடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு பிரதி 76 நிமிடம் ஓடுகிறது, இன்னொன்று 73 நிமிடம். எது வெட்டுப்பட்டது?

பெரும்பாலும் எதுவும் வெட்டுப்படவில்லை. படம் விநாடிக்கு 24 சட்டங்களில் (ஃபிரேம்) எடுக்கப்பட்டது. அமெரிக்க டிவிடியில் அது ஏறக்குறைய அதே வேகத்தில், 23.976 என்ற கணக்கில் ஓடும். ஐரோப்பிய டிவிடிக்கு 25 சட்டமாக வேகப்படுத்துவார்கள். நாலு சதவீதம் வேகம், அதனால் 76 நிமிடம் 73 ஆகச் சுருங்கும். குரலும் ஒரு துளி மெல்லிசாகக் கேட்கும்.

தொல்லை வருவது சப்டைட்டிலில். ஒரு பிரதிக்கான கோப்பை இன்னொரு பிரதிக்குப் போட்டால் ஆரம்பத்தில் சரியாக இருக்கும், போகப் போக விலகும், முடிவுக் காட்சியில் மூன்று நிமிட வித்தியாசம் வந்து நிற்கும். கென்னின் ஒப்புதல் தப்பான நேரத்தில் எழுத்தில் வந்துவிட்டால் மொத்த மாலையும் வீண். வி.எல்.சி.யில் ஜி, ஹெச் விசைகளால் முன்பின் நகர்த்துவது இங்கே உதவாது. அது எல்லா வரியையும் ஒரே அளவு நகர்த்தும். விலகல் வளர்ந்துகொண்டே போவதால் நேரங்களை நீட்ட வேண்டும். ஐரோப்பியப் பிரதிக்கான கோப்பை அமெரிக்கப் பிரதிக்குப் போடுவதானால், சப்டைட்டில் திருத்தும் மென்பொருளில் சட்ட வேகத்தை (ஃபிரேம் ரேட்) 25லிருந்து 23.976க்கு மாற்றுங்கள். கையால் கணக்கிட்டால் ஒவ்வொரு நேரத்தையும் 1.0427ஆல் பெருக்க வேண்டும். முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் சோதித்தால் போதும், நடுவில் தானாகப் பொருந்தும்.

தமிழில் நீங்களே சப்டைட்டில் எழுதுவதாக இருந்தால் கோப்பை யு.டி.எஃப்-8 முறையில் சேமியுங்கள். இல்லாவிட்டால் எழுத்துக்குப் பதில் கட்டமும் கேள்விக்குறியும் வரும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். கொலம்போ சுற்றி வளைத்துப் பேசுபவர். அவர் சொல்வதையெல்லாம் எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

படம் பக்கவாட்டில் இழுத்தது போல் தெரிகிறது. ஏன்?

இது பழைய டிவி அளவு, 4க்கு 3. அகலத் திரையில் முழுவதும் நிரப்பினால் முகங்கள் உப்பிவிடும். மேலும் கீழும் வெட்டி நிரப்பினால் இன்னும் மோசம், தலை போகும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும். திரை கட்டுவதானால் 6 அடி அகலத்துக்கு நாலரை அடி உயரம்.

ஏற்காட்டில் திரையிடும்போது எதில் தவறு நடக்கிறது?

முதலில் மின்சாரம். மழைக்காலத்தில் நடுவே போய்விடும். பல்ப் வகை புரொஜெக்டராக இருந்தால் மின்விசிறி நின்று சூடு உள்ளேயே தங்கி பல்ப் ஆயுள் குறையும். 100 வாட் எல்.இ.டி. புரொஜெக்டர், 60 வாட் லேப்டாப், 30 வாட் ஸ்பீக்கர் சேர்ந்தால் 190 வாட். சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ். இதைப் பத்து நிமிடம் அளவுக்குத் தாங்கும். ஜெனரேட்டர் போடவோ முறையாக அணைக்கவோ அது போதும், மீதிப் படத்தை ஓட்டப் போதாது.

அடுத்தது ஒலி. இந்த அத்தியாயத்துக்குப் புளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். சத்தம் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் இரண்டு பங்கு தாமதமாக வரும். வெடிச்சத்தமும் ஜோனாவின் முகமும் பொருந்தாமல் போகும். ஒயரில் இணையுங்கள், ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வையுங்கள். தகரக் கூரையில் மழை அடித்தால் டைப்ரைட்டர் சத்தம் அமுங்கிவிடும். ஓட்டு வீடோ கான்கிரீட் தளமோ பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் பனிமூட்டம் உள்ளே வந்து லென்ஸில் படியும். துணியால் துடைக்க வேண்டாம், கீறல் விழும். புரொஜெக்டரைப் போட்டு 15 நிமிடம் ஓட விட்டால் தானே தெளிந்துவிடும். மலையிலிருந்து குளிர்ந்த கருவியைச் சேலத்து வெக்கைக்கு இறக்கியதும் உடனே இயக்காமல் ஒரு மணி நேரம் பையிலேயே விடுங்கள்.

வீட்டுக்குள் நண்பர்களோடு பார்ப்பது வேறு. மண்டபம் பிடித்து ஊரைக் கூட்டினால், டிக்கெட் வாங்காவிட்டாலும், உரிமையாளர் அனுமதி வேண்டும்.

பார்வையாளர் கருத்தை எப்படிக் கேட்டால் உருப்படியாக வரும்?

‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ என்றுதான் வரும். சத்தமாகப் பேசுபவர் ஒருவர் தொடங்கினால் மற்றவர்கள் அவர் பின்னால் போய்விடுவார்கள். அதனால் பேச்சுக்கு முன் எழுத்து.

ஆளுக்கு இரண்டு சீட்டு கொடுங்கள். கென் அலுவலகத்தைக் காலி செய்யும் காட்சி தொடங்கும் முன் படத்தை நிறுத்தி, முதல் சீட்டில் ஒரே கேள்வி: கென் எதனால் மாட்டுவான்? மூன்று நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் பக்கத்தில் பார்த்து எழுதுவார்கள். சீட்டுகளை மடித்து வாங்கிக்கொண்டு படத்தைத் தொடருங்கள். முடிந்ததும் இரண்டாவது சீட்டில் கொலைத்திட்டம், கொலையாளி, விசாரணை, சான்று என நான்குக்கும் தனித்தனியாகப் பத்துக்கு மதிப்பெண். ஒரே மதிப்பெண்ணாகக் கேட்டால் தொடக்கத்துக்குக் கொடுத்த ஒன்பதும் முடிவுக்குக் கொடுத்த நாலும் கலந்து ஆறரையாகிவிடும், யாருடைய கருத்தும் அதில் இருக்காது.

பிறகு முதல் சீட்டுகளைப் பெயர் சொல்லாமல் படியுங்கள். போன் பில், டிக்கி ரத்தம், வங்கிப் பணம் என்று வரும். படத்தில் வந்ததைவிட நல்ல சான்று சீட்டில் இருந்தால் அங்கிருந்தே பேச்சைத் தொடங்குங்கள். குறைந்தது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மலைக்குக் கீழே இறங்க வேண்டியவர்கள் இருந்தால் மாலை ஆறுக்கே படத்தைப் போட்டுவிடுவது நல்லது. கொண்டை ஊசி வளைவுகளில் பனியோடு இருட்டும் சேர்ந்துகொண்டால் அவசரப்பட்டு இறங்க முடியாது.

இது பிடித்திருந்தால் அடுத்து எதைப் பார்ப்பது?

ஜாக் காசிடி இந்தத் தொடரில் மூன்று முறை கொலையாளியாக வந்தார். 1974ல் ‘பப்ளிஷ் ஆர் பெரிஷ்’, அதில் பதிப்பாளர். 1976ல் ‘நவ் யூ சீ ஹிம்’, அதில் மந்திரவாதி. அந்த ஆண்டு டிசம்பரில் வீட்டில் ஏற்பட்ட தீ விபத்தில் அவர் இறந்துபோனார். வரிசையாகவே பாருங்கள். மூன்றாவதிலும் டைப்ரைட்டர் ஒன்று வருகிறது. அதன் மேல் ஒரு கண் வைத்திருங்கள். எதற்கு என்பதை அந்த அத்தியாயத்தின் சீட்டு எழுதும்போது நீங்களே கண்டுபிடிக்கலாம்.